திருச்சுழி தந்த கேள்வி
(மூன்றாம் ஆண்டு எலெக்ட்ரிக்கல் மாணவன்)

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் நாம் ரமண மகரிஷியைத் திருவண்ணாமலைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தப்பு. அருப்புக்கோட்டையில் பஸ் மாறிக் கிழக்கே போனால் வரும் திருச்சுழிதான் அவர் சொந்த ஊர். நம்ம மாவட்டம்! 1879 டிசம்பர் 30-ல் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன்.

1892-ல் அப்பா சுந்தரமய்யர் காலமானார். பையனுக்கு வயது 12. மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்து அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்தான். படிப்பில் அவ்வளவு நாட்டமில்லை. ஃபுட்பால் என்றால் உயிர். தூக்கமோ கும்பகர்ணத் தூக்கம். தூங்கும்போது பையன்கள் தூக்கிப்போய் மொத்திவிட்டுத் திரும்பப் படுக்க வைத்தாலும் காலையில் ஒன்றுமே தெரியாதாம். (நம்ம ஹாஸ்டலிலும் ஒருவர் உண்டு. பெயர் வேண்டாம்.)

1896 ஜூலை. உடம்புக்கு ஒரு கேடும் இல்லாத அந்தப் பதினாறு வயதுப் பையனைத் திடீரென்று சாவு பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் ஓடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. மாடி அறையில் பிணம்போல் விறைத்துப் படுத்தான். மூச்சை அடக்கி, வாயை இறுக மூடி யோசித்தான். இந்த உடம்பைச் சுடுகாட்டில் எரித்துவிடுவார்கள், அதோடு நானும் முடிந்தேனா? உடம்பு கட்டையாகக் கிடந்தும் 'நான்' என்ற உணர்வு உள்ளே விழித்திருந்தது. சாவு பயம் அன்றோடு போயிற்று.

ஆறு வாரம் கழித்து நடந்ததுதான் நமக்கு வேடிக்கை. இங்கிலீஷ் கிராமர் பாடத்தை மூன்று தடவை எழுதி வரச்சொல்லி இம்போசிஷன்! இரண்டு தடவை எழுதினான். மூன்றாவது எழுதப் பிடிக்கவில்லை. அண்ணனின் காலேஜ் பீஸ் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ஆகஸ்ட் 29-ல் கிளம்பிவிட்டான். அந்தக் கடிதம் 'நான்' என்று ஆரம்பித்து, நடுவிலே தன்னை 'இது' என்று மாற்றிக்கொள்கிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு! செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை சேர்ந்தவர் அப்புறம் அந்த ஊரைவிட்டு வரவேயில்லை.

1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ உத்தியோகஸ்தர் மலைக்கு வந்து கேள்விகள் கேட்டார். பேசாதிருந்தவர் எழுதிக்காட்டிய பதில்களே பின்னால் 'நான் யார்?' என்ற சிறு நூலாயிற்று. அதன் சாரம் இது: மனசு என்பது எண்ணங்களின் மூட்டை. எல்லா எண்ணத்துக்கும் வேர் 'நான்' என்ற எண்ணம். அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடினால் மனசு அடங்கும். மிஞ்சுவது அறிவு மட்டும். உடம்பும் உலகமும் அதில் தோன்றுபவை.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. மாடியில் படுத்திருந்த பையனின் மூளை அப்போது உயிரோடுதானே இருந்தது? மயக்க மருந்து ஏறினால் 'நான்' காணாமல் போகிறதே? இதைக் கேட்டால் என் ரூம்மேட் சொல்வான்: வைண்டிங் எரிந்தால் ஃபேன் நிற்கும்டா, அதுக்காக லைனில் சப்ளை இல்லேன்னு ஆயிடுமா? சரிதான், ஆனால் சப்ளை இருக்கிறதா என்று டெஸ்டர் வைத்துப் பார்க்கலாம். மூளை இல்லாத அறிவுக்கு எந்த டெஸ்டர்? அதே சமயம் மூளை என்கிற சதைப்பிண்டத்தில் கரண்டு ஓடினால் வலியும் ருசியும் ஏன் 'உணரப்பட' வேண்டும்? 1995-ல் டேவிட் சால்மர்ஸ் என்ற தத்துவ அறிஞர் இதைத்தான் கடினமான சிக்கல் என்றார். இன்றைக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. நானும் ஜெயித்தபாடில்லை, ரூம்மேட்டும் விட்டபாடில்லை.

1949-ல் மகரிஷியின் இடது கையில் புற்றுக்கட்டி வந்தது. நான்கு ஆபரேஷன். கையையே எடுத்துவிடலாம் என்றார்கள் டாக்டர்கள். உடம்பே ஒரு வியாதிதான், அது தன்போக்கில் முடியட்டும் என்ற கருத்தில் மறுத்துவிட்டார். பதினாறு வயதில் மாடியில் ஒத்திகை பார்த்ததை எழுபதில் நிஜமாகவே எதிர்கொண்டார். பயந்ததாக யாரும் எழுதவில்லை. தரிசனத்துக்கு வந்த கூட்டத்தைக் கடைசி நாளிலும் தடுக்கவில்லை. 1950 ஏப்ரல் 14, இரவு 8.47-க்கு மூச்சு நின்றது.