எம்.ஜி.ஆருக்கு உறவு தந்த உறுப்பு

தியாகராய நகர் ஆற்காடு தெருவிலுள்ள நினைவு இல்லத்தில் எம்.ஜி.ஆர். பயன்படுத்திய பொருள்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய கடைசி மூன்றாண்டுகளைத் தாங்கிய ஒன்று மட்டும் அங்கே இருக்க முடியாது. அது, அண்ணன் சக்கரபாணியின் மகள் அளித்த சிறுநீரகம்.

இலங்கையின் நாவலப்பிட்டியில் 1917-இல் பிறந்து, சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, திரையுலகின் உச்சியைத் தொட்டவரின் கதையைத் தமிழ்நாட்டுக்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய உடல் கடந்துவந்த கதையே அதிகம் பேசப்படாதது.

1967 ஜனவரி 12 அன்று கழுத்தில் குண்டு பாய்ந்தது. இராயப்பேட்டை மருத்துவமனையிலும் பின்னர் அரசு பொது மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றுப் பிழைத்தார், குரல்தான் மாறிப்போனது. காயமோ அறுவைக் கத்தியோ, எது தசையைக் கிழித்தாலும் வெள்ளணுக்கள் உடனே அங்கே திரள்கின்றன. வீக்கமும் காய்ச்சலும் அவற்றின் வேலையே. சில நாள்களில் அந்த வேகம் தணிந்து, எதிர்ப்பாற்றல் சற்றுத் தளர்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் தொற்றுக்கு மருத்துவர்கள் அஞ்சுவது இதனால்தான். அன்று அந்தக் காவல்படை அவருக்குத் துணை நின்றது.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே படையை அடக்கிவைக்க வேண்டி வந்தது. 1984 அக்டோபரில் சிறுநீரகச் செயலிழப்புடன் அப்பல்லோவில் சேர்க்கப்பட்ட முதலமைச்சரைப் பக்கவாதமும் தாக்கியது. நவம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் வென்றார்.

மாற்றுறுப்பின் செல்கள் மீதுள்ள அடையாளப் புரதங்களை டி-செல்கள் அந்நியமெனக் கண்டால் தாக்கத் தொடங்கும். 1954-இல் பாஸ்டனில் நடந்த முதல் வெற்றி ஒத்த இரட்டையரிடையே கிட்டியதற்குக் காரணம், அங்கே அந்நியம் என்று எதுவும் இல்லாததே. அண்ணன் மகளிடம் இந்த அடையாளங்கள் பாதியளவு பொருந்துவதற்கான வாய்ப்பு இரண்டில் ஒன்று. மிச்சத்தை மருந்துதான் சமாளிக்க வேண்டும். நிராகரிப்பை வெகுவாகக் குறைத்த சைக்ளோஸ்போரின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1983-இல். சில ஆண்டுகள் முன்னதாக நடந்திருந்தால் அந்த வசதி எளிதில் கிட்டியிராது.

ஆனால், இத்தகைய மருந்துகளை வாழ்நாள் முழுவதும் நிறுத்த முடியாது. அவை தொற்றுக்கும் கதவைத் திறந்துவிடுகின்றன. கூட்டத்தில் கலந்தே தலைவரான ஒருவருக்கு, கூட்டமே ஆபத்தானது. 1985 பிப்ரவரியில் திரும்பி மீண்டும் முதல்வரானவர், 1987 டிசம்பர் 24 வரை அப்பொறுப்பிலேயே இருந்தார். அறுபத்தேழு வயதில், பக்கவாதத்துக்குப் பின் செய்யப்பட்ட மாற்று சிகிச்சைக்கு இந்த மூன்றாண்டுகள் சிறிய வெற்றியல்ல என்பதே என் எண்ணம்.

உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல்தான் வந்தது. அதிலுள்ள நெருங்கிய உறவினர் பட்டியலில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், வாழ்க்கைத் துணை இருந்தனர். பின்னர் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் சேர்க்கப்பட்டனர். அண்ணன் மகள் இன்றும் அதில் இல்லை. சிற்றப்பாவுக்குச் சிறுநீரகம் தர விரும்பும் பெண், அங்கீகாரக் குழுவின் முன் அமர்ந்து அனுமதி பெற்றாக வேண்டும்.