கால்பந்துத் தலைவர் துங்கு

1956 பிப்ரவரி 20ஆம் நாள் நம் மலாக்கா பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தவர் துங்கு அப்துல் ரஹ்மான் என்பது நம் பிள்ளைகளும் அறிந்ததே. நாட்டின் கால்பந்தையும் அவரே 23 ஆண்டுகள் வழிநடத்தினார் என்பதை இன்று சிலரே அறிவர்.

1903இல் அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு, 1951இல் மலாயாக் கால்பந்துச் சங்கத் தலைவரானார். சுதந்திரம் கிடைத்த 1957ஆம் ஆண்டிலேயே மெர்டேக்கா கிண்ணப் போட்டி தொடங்கியது. அதன் வழியாக, பிறந்து சில நாளே ஆன நம் நாட்டுக்கு ஆசியக் குழுக்கள் விருந்தாளிகளாக வந்தன. 1958இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் தலைவரானார். மறு ஆண்டே ஆசிய இளைஞர் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது.

1969 மே 13 கலவரம் அவர் மனத்தைப் பெரிதும் வாட்டியது. 1970இல் பிரதமர் பதவியிலிருந்து விலகினார், கால்பந்தை விடவில்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஒன்றாக ஆடிய நம் குழு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் களமிறங்கியபோதும் சங்கத்தின் தலைவர் அவரே. 1974 வரை அப்பொறுப்பைச் சுமந்தார். 1990 டிசம்பர் 6இல் வஃபாத்தானார்.

பெரிய பதவி போன பின்னும் ஏற்ற பொதுப்பணியைத் தொடர்ந்தவர் அவர். சங்கப் பொறுப்புக்கு வரும் நம் இளைஞர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.