ஜான் பென்னிகுவிக்

ஜான் பென்னிகுவிக் (சனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) பிரித்தானிய இந்தியாவில் பணியாற்றிய பொறியாளரும் படை அதிகாரியும் ஆவார். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் என்ற வகையில் தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பெரிதும் போற்றப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் புனே நகரில் பிறந்தார். இவருடைய தந்தையும் மூத்த சகோதரரும் 1849 ஆம் ஆண்டு சிலியன்வாலா போரில் உயிரிழந்தனர். இங்கிலாந்தில் அடிஸ்கோம்ப் படைக் கல்லூரியில் பயின்ற இவர், 1858 இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் சேர்ந்து, 1860 இல் இந்தியா வந்தார்.

பெரியாறு திட்டம்

அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்று நீரை மலையைக் குடைந்து வைகைப் படுகைக்குத் திருப்பும் எண்ணம் புதியதன்று. இராமநாதபுரம் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789 ஆம் ஆண்டிலேயே இதனை ஆராய்ந்தார். 1876–78 ஆண்டுகளின் பெரும் பஞ்சம் இதன் தேவையை உணர்த்தியது. 1882 இல் திருத்திய திட்டத்தை உருவாக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886 இல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. 1887 இல் பணிகள் தொடங்கின. காட்டாற்று வெள்ளம் தற்காலிக அணைகளை அடித்துச் சென்றது. மலேரியா, காலரா ஆகிய நோய்களால் தொழிலாளர் பலர் மாண்டனர். 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

கட்டுமானப் பொருள்

அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் ஆனது. சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் தூளாகும். வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டே மெல்ல இறுகும். சுர்க்கியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்புடன் வினைபுரிவதால் கலவை நீருக்குள்ளும் இறுகுகிறது. இக்காலத்தில் அணை மதகுகளின் கசிவைத் தடுக்கப் பயன்படும் செயற்கை இரப்பர் அடைப்புகள் அன்று இல்லை. அணையின் உடலில் நீரைத் தடுக்கும் பணி பெரிதும் காரையையே சார்ந்திருந்தது. எனினும், கசியும் நீர் நாளடைவில் சுண்ணாம்பைக் கரைத்து வெளியேற்றுவது இதன் குறையாகும். இதனால் 1930களில் துளையிட்டுச் சிமெண்ட் கலவை செலுத்தப்பட்டது. 1979க்குப் பின் கான்கிரீட் மேல்மூடி, எஃகு வட நங்கூரம், பின்புறக் கான்கிரீட் தாங்கல் ஆகியவற்றால் அணை வலுப்படுத்தப்பட்டது.

பிற்காலம்

1896 முதல் 1899 வரை இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் இந்தியப் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1899 இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத் தடுப்பு குறித்து ஆலோசனை வழங்கினார். 1911 இல் கேம்பர்லியில் காலமானார்.

நினைவு

அணைக்காகத் தம் சொத்துகளை இவர் விற்றார் என்னும் நம்பிக்கை மக்களிடையே பரவலாக உள்ளது. ஆனால் இதற்குச் சமகால ஆவணச் சான்று காட்டப்படவில்லை. திட்டச் செலவைச் சென்னை மாகாண அரசே ஏற்றது. பாலார்பட்டியில் இவர் பிறந்த நாளன்று பொங்கல் வைத்து வழிபடுகின்றனர். கூடலூர் அருகே லோயர் கேம்பில் 2013 இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி பேருந்து நிலையம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 2022 இல் தமிழ்நாடு அரசின் சார்பில் கேம்பர்லியில் இவருக்குச் சிலை நிறுவப்பட்டது குறிப்பிடத்தக்கது.