கோஷாப் பெண்களின் வக்கீல் கொர்னேலியா சொராப்ஜி

மருத்துவத்தில் முன்னோடியான முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை நாட்டுக்கு அளித்தது நம் புதுக்கோட்டைச் சீமை. சட்டத்துறையில் அப்படிப்பட்ட முன்னோடி கொர்னேலியா சொராப்ஜி அம்மையார். 1866-இல் நாசிக்கில் பிறந்தவர். தந்தையார் பார்சி மதத்திலிருந்து கிறிஸ்தவரானவர்.

பூனா டெக்கான் கல்லூரியில் முதலிடம் பெற்றும், இங்கிலாந்து செல்ல உதவித்தொகை பெண் என்பதால் மறுக்கப்பட்டது. நல்லோர் நிதி திரட்டினர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும் அவர்களுள் ஒருவர். ஆக்ஸ்போர்டில் சேர்ந்து 1892-இல் சட்டத் தேர்வு எழுதினார். பட்டமோ 1922-இல்தான் கைக்கு வந்தது!

தாயகத்திலும் நீதிமன்றக் கதவு திறக்கவில்லை. அக்காலத்தில் வடநாட்டு ஜமீன் அரண்மனைகளில் கோஷாவில் வாழ்ந்த விதவைகள் அந்நிய ஆடவர் முன் வரலாகாது. வக்கீல்களோ அனைவரும் ஆடவர். ஆகவே, சொத்திருந்தும் கேட்க நாதியில்லை. பிறர் நீட்டிய தாளில் கைநாட்டு வைப்பதன் கொடுமையை நம் கிராமத்துப் பெரியவர்களும் அறிவர். இப்பெண்களுக்கென ஒரு பெண் சட்ட அலுவலர் வேண்டுமென அரசிடம் விடாது மன்றாடிய அம்மையார், 1904-இல் வங்காளத்துக் கோர்ட் ஆப் வார்ட்ஸில் அப்பணியைத் தாமே ஏற்றார். அந்தப்புரம் அந்தப்புரமாகச் சென்று ஏறத்தாழ 600 பெண்கள், சிறார்களின் உரிமையைக் காத்தார்.

விடுதலை இயக்கத்தை அவர் எதிர்த்ததை நாம் மறைப்பதற்கில்லை. அதில் நமக்கு உடன்பாடும் இல்லை. அதனால் இத்தொண்டு சிறுத்துவிடாது.

பெண்களும் வக்கீலாகலாம் என்ற சட்டம் 1923-இல் வந்தது. அறுபதை நெருங்கும் வயதில் கல்கத்தாவில் தொழில் தொடங்கினார். அங்கும் எழுத்துவேலையே மிகுதி. வாதாட வாய்ப்பு அரிதாகவே வந்தது. 1954-இல் லண்டனில் காலமானார்.