கட்டிய கரடியைச் சுட மறுத்த ஜனாதிபதி

குழந்தைகள் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கும் கரடி பொம்மைக்கு 'டெடி' என்று பெயர். அது ஒரு ஜனாதிபதியின் செல்லப் பெயர்!

அவர்தான் தியோடர் ரூஸ்வெல்ட். அமெரிக்காவின் 26-வது ஜனாதிபதி. இரண்டாவது உலகப் போரின்போது ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வேறு. அவர் இவருக்குத் தூரத்து உறவு.

பழக்கம் இல்லாத ஒரு காட்டுக்கு இவர் கரடி வேட்டைக்குப் போனார். ஒரு கரடியைக் கூடச் சுடாமல் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால், அந்த வேட்டைதான் இவர் பெயரை உலகம் முழுவதும் குழந்தைகளின் வாயில் நிலைக்கச் செய்தது.

நோஞ்சான் பிள்ளை

ரூஸ்வெல்ட் 1858-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். பணக்காரக் குடும்பம். ஆனால் பிள்ளைக்கு ஆஸ்துமா. படுத்தால் மூச்சுத் திணறும். பல இரவுகள் உட்கார்ந்தபடியே தூங்கவேண்டி இருந்தது.

மருந்தை மட்டும் நம்பினால் போதாது, உடம்பை நீயேதான் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று தந்தை மகனுக்குப் புத்தி சொன்னார். வீட்டிலேயே தேகப்பயிற்சிக் கூடம் அமைத்துக் கொடுத்தார். சிறுவன் விடாமல் பயிற்சி செய்தான். உடம்பு தேறியது.

ஏறக்குறைய 13 வயதில் அவனுக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. நண்பர்கள் குறி பார்த்துச் சுடும் பறவைகள் அவன் கண்ணுக்குத் தெரியவே இல்லை! அதன் பிறகுதான் கிட்டப்பார்வை என்பது தெரிய வந்தது. மூக்குக் கண்ணாடி போட்டதும் உலகமே புதிதாகத் தெரிந்தது.

ரூஸ்வெல்ட் 1880-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஆலிஸ் என்ற பெண்ணை மணந்தார். அரசியலிலும் இறங்கினார்.

1884-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி அவர் தலையில் இடி விழுந்தது. ஒரே நாளில், ஒரே வீட்டில், தாயும் மனைவியும் இறந்துபோனார்கள். குழந்தை பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பெண் குழந்தையைத் தம் அக்காளிடம் ஒப்படைத்துவிட்டு, ரூஸ்வெல்ட் மேற்கே டக்கோட்டா பகுதிக்குப் போனார். அங்கே மாட்டுப் பண்ணை நடத்தினார்.

முதல் கரடி

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், வயோமிங் பகுதியில் உள்ள பிக்ஹார்ன் மலைக்கு வேட்டைக்குப் புறப்பட்டார். அது அவருக்குப் புதிய இடம்.

மலைநாட்டில் கரடி வேட்டைக்கு அந்தப் பருவமே ஏற்றது. கரடிகள் குளிர்காலம் முழுவதும் குகையில் முடங்கிக் கிடக்கும். அதற்கு முன்னால் வயிறு நிறையத் தின்று கொழுப்பதற்காக ஓயாமல் இரை தேடி அலையும். பனி கொட்டத் தொடங்கிவிட்டாலோ, மனிதன் மலையில் இருந்து இறங்குவதே கஷ்டம்.

ஆகவே ரூஸ்வெல்ட் முன்கூட்டியே எல்லா ஏற்பாடுகளையும் செய்தார். சாமான்களை வண்டியில் ஏற்றினார். மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, தேவையானவற்றை மட்டும் குதிரைகள் மேல் ஏற்றிக்கொண்டு மேலே போனார். தம் பண்ணையில் வேலை பார்த்த பில் மெரிபீல்டு என்ற வேட்டைக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

இருவரும் கால்தடத்தைப் பார்த்தபடி ஓசைப்படாமல் நடந்தார்கள். திடீரென்று, சில அடி தூரத்தில் ஒரு பெரிய கிரிஸ்லி கரடி எழுந்து நின்றது! எடை ஆயிரம் பவுண்டுக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். குறி தப்பினால் உயிர் தப்பாது. ரூஸ்வெல்ட் சுட்டார். குண்டு இரண்டு கண்களுக்கும் நடுவே பாய்ந்தது.

மிசிசிப்பி அழைப்பு

பிறகு ரூஸ்வெல்ட் வேகமாக உயர்ந்தார். 1898-ல் கியூபாவில் நடந்த போரில் குதிரைப் படைக்குத் தலைமை தாங்கினார். நியூயார்க் மாநில கவர்னர் ஆனார். 1901-ல் உதவி ஜனாதிபதி ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லி சுட்டுக் கொல்லப்படவே, 42 வயதில் ஜனாதிபதி ஆனார்.

மறு ஆண்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். குளிர்காலத்தில் வீடுகளில் கணப்பு மூட்டக் கரி கிடைக்காதோ என்று நாடே நடுங்கியது. ரூஸ்வெல்ட் தலையிட்டுச் சமரசம் செய்து வைத்தார். அதன் பிறகு ஓய்வு தேவைப்பட்டது. கரடி வேட்டைக்கு வருமாறு மிசிசிப்பி கவர்னர் லாங்கினோ அழைத்தார். ரூஸ்வெல்ட் ஒப்புக்கொண்டார்.

மிசிசிப்பி காடு பிக்ஹார்ன் மலையைப் போன்றது அல்ல. அது தாழ்ந்த சதுப்பு நிலம். மூங்கில் இனத்தைச் சேர்ந்த நாணல் மைல் கணக்கில் அடர்ந்திருக்கும். கத்தியால் வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். கால்தடம் பார்த்துப் போவது நடக்காது. நாய்களை ஏவி, அவற்றின் குரலைக் கேட்டுக் குதிரையில் பின்தொடர வேண்டும்.

அந்தக் காட்டை அறிந்தவர் ஹோல்ட் கோலியர். நீக்ரோ அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே கரடி வேட்டையில் இறங்கியவர். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். வேட்டைப் பொறுப்பு முழுவதையும் அவரிடமே ஒப்படைத்தார்கள்.

இது சாதாரண விஷயம் அல்ல. முந்திய ஆண்டில் புக்கர் வாஷிங்டன் என்ற நீக்ரோ தலைவரை ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கு அழைத்து விருந்து கொடுத்தார். அதற்காகத் தென் மாநில வெள்ளையர் பலர் அவர் மீது ஆத்திரமாக இருந்தார்கள். அந்தத் தென் மாநிலக் காட்டில், ஜனாதிபதிக்கே வழி காட்டும் பொறுப்பு ஒரு நீக்ரோவின் கையில் இருந்தது!

சாப்பாட்டு வேளை

1902-ம் ஆண்டு நவம்பரில் சன்பிளவர் சிற்றாற்றின் கரையில் கூடாரம் அடித்தார்கள்.

நாய்களின் பின்னால் தாமும் குதிரையில் பாய்ந்து செல்லவேண்டும் என்பது ரூஸ்வெல்ட்டின் ஆசை. ஆனால், விருந்துக்கு அழைத்தவர்களுக்குப் பயம். நாட்டின் தலைவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்ன செய்வது? ஆகவே அவரை ஓர் இடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். கோலியர் கரடியை அவர் முன்னால் விரட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

நவம்பர் 14-ந் தேதி. காலையில் இருந்து ரூஸ்வெல்ட் காத்திருந்தார். மணிக்கணக்கில் ஆகியும் கரடி வரவில்லை. நாய்களின் குரலும் தேய்ந்துவிட்டது. பசி எடுத்தது. கூடாரத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார்.

அவர் போனபின் கரடி வந்தது!

கோலியர் சொன்ன சொல்லை நிறைவேற்றிவிட்டார். ஆனால் சுடவேண்டியவர் இல்லை. ஜனாதிபதிக்கு உரிய கரடியை அவரும் சுடக்கூடாது. நாய்கள் சூழ்ந்துகொள்ள, கரடி ஒரு நாயைப் பிடித்துக் கொன்றது. தம் நாய்களைக் காப்பாற்றக் கோலியர் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கரடியின் மண்டையில் ஓங்கி அடித்தார். அது மயங்கியது. கழுத்தில் சுருக்குப் போட்டு மரத்தில் கட்டினார். பிறகு ஜனாதிபதிக்கு ஆள் அனுப்பினார்.

ரூஸ்வெல்ட் விரைந்து வந்தார். எதிரே 235 பவுண்டு எடையுள்ள கறுப்புக் கரடி. காயம்பட்டு, கட்டுண்டு கிடந்தது. சுடும்படி எல்லாரும் தூண்டினார்கள். தப்பி ஓட வழி இல்லாத மிருகத்தைச் சுடுவது வேட்டை அல்ல என்று அவர் மறுத்துவிட்டார்.

கரடி பிழைத்ததா? இல்லை. அதன் காயம் கடுமையானது. துன்பத்தை முடித்துவிடுமாறு ரூஸ்வெல்ட் சொன்னார். மற்றவர்கள் கத்தியால் அதன் உயிரைப் போக்கினார்கள்.

பொம்மை பிறந்தது

இரண்டு நாள் கழித்து, பெரிமன் என்ற ஓவியர் இதைக் கேலிச்சித்திரமாக வரைந்தார். 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் வெளிவந்தது. பின்னால் வரைந்த படங்களில் கரடியைச் சிறு குட்டியாகவே காட்டினார். மக்கள் மனம் அதில் ஒட்டிக்கொண்டது.

நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் மாரிஸ் மிக்டம். அவர் மனைவி ரோஸ் துணியில் ஒரு கரடி பொம்மை தைத்தார். கடை வாசலில் 'டெடியின் கரடி' என்று பெயர் எழுதி வைத்தார்கள். விற்பனை அமோகம்! மிட்டாய்க் கடைக்காரர் பொம்மைக் கம்பெனி முதலாளி ஆனார். அதே சமயத்தில் ஜெர்மனியில் ஸ்டைப் கம்பெனியும் கரடி பொம்மை செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியது.

ஆனால், டெடி என்று அழைப்பது ரூஸ்வெல்ட்டுக்குப் பிடிக்காது!

1907-ல் அவர் பக்கத்து மாநிலமான லூசியானாவில் மீண்டும் வேட்டைக்குப் போனார். அப்போதும் கோலியரை அழைத்துக்கொண்டார். இந்த முறை காத்திருக்கவில்லை. தாமே புதருக்குள் புகுந்தார். பல நாள் அலைந்து ஒரு கரடியைச் சுட்டார்.

ரூஸ்வெல்ட் வேட்டையை விட்டவர் அல்ல. 1909-ல் ஆப்பிரிக்கா போய், அவரும் மகனும் சேர்ந்து 512 மிருகங்களைச் சுட்டார்கள். ஆனால், காடு அழிந்தால் எல்லாம் அழியும் என்பதை உணர்ந்த தலைவரும் அவர்தான். பதவிக் காலத்தில் சுமார் 23 கோடி ஏக்கர் நிலத்தைப் பாதுகாத்தார். 1906-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசும் பெற்றார். 1919-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, 60 வயதில், உறக்கத்திலேயே காலமானார்.

மிசிசிப்பிக் காடுகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டுப் பருத்தி வயல் ஆகிவிட்டது. கரடிகளும் குறைந்தன. எஞ்சிய இடங்களைக் காக்க 2004-ல் புதிய சரணாலயங்கள் ஏற்பட்டன. ஒன்றுக்குத் தியோடர் ரூஸ்வெல்ட்டின் பெயர். மற்றொன்றுக்கு, 1936-ல் இறந்த ஹோல்ட் கோலியரின் பெயர்.

ஜனாதிபதியும் அடிமையாகப் பிறந்தவரும் ஒரே மண்ணில் சமமாக நினைக்கப்படுகிறார்கள். அதற்குக் காரணம், சுடாமல் விட்ட ஒரு குண்டு!