நியூயோர்க்கின் நாடி பிடித்த ஆசிரியை: வைத்தியர் லியோனா பாம்கார்ட்னர்

1956 ஒக்டோபர் 28. நியூயோர்க்கில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆரம்பிக்க முன்னர், எல்விஸ் பிரெஸ்லி சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஊசிக்காக நின்றார். அவருக்கு வயது 21. அமெரிக்க இளைஞர்கள் அவர் பாட்டில் கிறங்கிக் கிடந்த காலம் அது. ஒரு வைத்தியர் போலியோ தடுப்பூசி ஏற்ற, பத்திரிகைக்காரர்கள் படமெடுத்தார்கள். பக்கத்தில் நின்ற பெண் நகரின் சுகாதார ஆணையாளர் லியோனா பாம்கார்ட்னர். அந்தப் படத்தில் உள்ள பாடகரைத்தான் உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. நான் எழுத வந்தது அந்தப் பெண்ணைப் பற்றி.

1902இல் சிக்காகோவில் பிறந்தவர். தந்தை கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். மகளும் அங்கேயே படித்துப் பட்டம் பெற்று, உயர்நிலைப் பாடசாலையொன்றில் உயிரியல் கற்பித்தார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு அவர் மீது முதலில் ஒரு பற்று வந்தது இதனால்தான். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் 1932இல் கலாநிதிப் பட்டமும் 1934இல் மருத்துவப் பட்டமும் பெற்றார்.

அது அமெரிக்காவின் பெரும் பொருளாதார மந்த காலம். நியூயோர்க்கில் குழந்தை மருத்துவப் பயிற்சி பெற்ற அவர், ஏழைகளின் வீடுகளுக்கே போய் நோயாளிகளைப் பார்த்தார். அங்கே நோயோடு பசியையும் நெருக்கடியையும் கண்டார். 1937இல் நகரச் சுகாதாரத் திணைக்களத்தில் சேர்ந்தபோது பிள்ளைகளின் நலனும் பாடசாலைச் சுகாதாரமுமே அவருடைய முதல் வேலையாயின.

அந்தத் திணைக்களம் பிறப்பு, இறப்பு, தொற்றுநோய் விபரங்களைத் தொடர்ந்து திரட்டியது. நகரம் சுகாதாரப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, பிரிவுக்கொரு அதிகாரி இருந்தார். நமது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைப் போன்றதொரு ஏற்பாடு. லியோனாவும் பிரிவு அதிகாரியாக இருந்தே மேலே வந்தவர்.

இந்தக் கண்காணிப்பின் அருமை 1947இல் தெரிந்தது. மெக்சிகோவிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் நியூயோர்க் வைத்தியசாலையொன்றில் மரணித்தார். என்ன நோயென்று அப்போது பிடிபடவில்லை. அதே வைத்தியசாலையில் இருந்த வேறு நோயாளிகளுக்கும் கொப்புளங்கள் தோன்றிய பிறகே அது பெரியம்மை என்று உறுதியானது. திணைக்களம் தொடர்புபட்டவர்களைத் தேடிப்பிடித்தது. மக்களையும் தடுப்பூசிக்கு அழைத்தது. இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அத்தனை பெரிய நகரில் நோய் கண்டவர்கள் 12 பேர், இறந்தவர்கள் 2 பேர். அதோடு நின்றது.

1954இல் லியோனா சுகாதார ஆணையாளரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். ஏறக்குறைய 80 இலட்சம் மக்களின் ஆரோக்கியம் அவர் பொறுப்பில் வந்தது.

பெற்றோரின் பெரிய பயம் அப்போது போலியோ. 1952இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்கு அந்நோய் கண்டது. 1955 ஏப்ரலில் சோல்க் தடுப்பூசி வந்தபோது நாடே மகிழ்ந்தது. ஆனால், ஒரு மருந்து நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுமையாகச் செயலிழக்கச் செய்யப்படவில்லை. அதனால் சுமார் 200 பேருக்கு உடல் செயலிழந்தது. 10 பேர் மரணித்தனர். தவறு எங்கே நடந்ததென்று விரைவாகக் கண்டுபிடிக்க உதவியது, வந்த நோயாளர் விபரங்களை நாளாந்தம் ஒப்பிட்டுப் பார்த்த கண்காணிப்புத்தான். அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் அலெக்சாண்டர் லாங்மியர். அந்த நிறுவனத்தின் ஊசி மீளப் பெறப்பட்டது. பரிசோதனை விதிகள் இறுக்கப்பட்டன. என்றாலும், உடைந்த நம்பிக்கை ஒரே நாளில் ஒட்டவில்லை.

அடுத்த சிக்கல் பதின்ம வயதினர். சிறு பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஊசி போட்டார்கள். வளர்ந்த பிள்ளைகள் அலட்சியமாக இருந்தார்கள். தமிழிலும் அந்நோய்க்கு இளம்பிள்ளை வாதம் என்றுதானே பெயர்? அது குழந்தைகளின் நோய், நமக்கென்ன என்பது அவர்களின் எண்ணம். யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மாத்திரம் போதாது, அவர்கள் யாருடைய பேச்சைக் கேட்பார்கள் என்றும் தெரியவேண்டும். எல்விஸின் கையில் ஊசி ஏறியது அதற்காகத்தான். பின்னர் பதின்ம வயதினரே குழுக்கள் அமைத்து வீடு வீடாகப் போய்த் தம் சகாக்களை அழைத்தார்கள். 1957இல் நாட்டில் போலியோ நோயாளர் தொகை 6,000இற்கும் கீழே இறங்கியது.

லியோனா வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தாய்மாருக்கு விளங்கும் மொழியில் பேசினார். அவர் காலத்தில்தான், 1960இல், வீடுகளின் உட்புறத்துக்கு ஈயம் கலந்த வர்ணம் பூசுவதை நகரம் தடை செய்தது. எல்லாவற்றிலும் அவர் வெல்லவில்லை. குடிநீரில் புளோரைட் சேர்க்கப் பல வருடம் வாதாடியும், எதிர்ப்பு வலுத்ததால் அவர் பதவியிலிருந்தபோது அது நடக்கவில்லை. அவர் விலகிய பின்னரே நகரம் அதை ஏற்றது.

1962இல் ஜனாதிபதி கென்னடி அவரை வெளிநாட்டு உதவி முகவரகத்தின் உயர் பதவிக்கு அழைத்தார். பின்னர் ஹாவர்ட் மருத்துவப் பீடத்தில் கற்பித்தார். முதல் கணவர் காலமான பின், 1970இல் அதே லாங்மியரை மணந்தார். 1991இல் மறைந்தார்.

இத்தனையும் நமக்கு எதற்கு? தரம் 6 மாணவியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி ஏற்றும் நாள் வரும்போது, வீட்டுக்கு அனுப்பும் சம்மதக் கடிதங்களில் சில கையொப்பமின்றித் திரும்பி வருவதை நான் பார்க்கிறேன். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. காரணம் கேட்டால், வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல்பதிவொன்றைச் சொல்கிறார்கள். சில உம்மாமார் இன்னொன்றும் சொல்கிறார்கள்: கொவிட் காலத்தில் நம் ஜனாஸாக்களை எரித்தவர்களை எப்படி நம்புவது? அந்தக் காயம் உண்மையானது. அதைக் குடும்பப் பல நல மாதுவிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முகத்துக்கு நேரே சொல்லலாம், பதில் கேட்கலாம். கேட்க வேண்டியதும்தான். ஆனால், அதற்கான விலையைப் பதினொரு வயதுப் பிள்ளை கொடுக்கக்கூடாது.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. சுற்றறிக்கை அனுப்பினால் பட்டியல் நிரம்பாது. ஊசி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே பாடசாலைக்கு வாருங்கள். உம்மாமாரையும் வாப்பாமாரையும் நாங்கள் கூட்டித் தருகிறோம். பள்ளிவாசல் நிர்வாகத்தையும் அழையுங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு எல்விஸ் தேவையில்லை. ஊரறிந்த ஒரு வைத்தியர் தன் மகளுக்கும் இதே ஊசியைப் போட்டேன் என்று சொன்னாலே பாதிக் கடிதங்கள் கையொப்பத்தோடு வரும்.