முள்முடியான மணிமுடி

அமெரிக்கக் கிராமிய இசையில் பெரும்புகழ் பெற்ற ஜானி கேஷ், 1932ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், ஆர்கன்சா மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயின் பக்திப்பாடல்களைக் கேட்டு, பருத்திக்காட்டில் உழைத்து வளர்ந்தார். மறைப்போதகராக விரும்பிய அண்ணன் ஜாக், 1944ஆம் ஆண்டு மரம் அறுக்கும் இயந்திரத்தில் காயமுற்று இறந்தார். 12 வயதில் பட்ட அந்த வேதனை கேஷை விட்டு அகலவேயில்லை.

1955ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டு வெளிவந்தது. புகழோடு போதை மாத்திரைப் பழக்கமும் வந்தது. முதல் திருமணம் முறிந்தது. 1968ஆம் ஆண்டு ஃபோல்சம் சிறையில் கைதிகளுக்காகப் பாடினார். அதே ஆண்டு ஜூன் கார்ட்டரை மணந்தார். இயேசுவின் வாழ்வைச் சொல்லும் திரைப்படம் ஒன்றை 1973இல் வெளியிட்டார். போதையில் மீண்டும் விழுந்தார், மீண்டும் எழுந்தார்.

70 வயதில், நோயுற்ற உடலோடு, 2002ஆம் ஆண்டு 'ஹர்ட்' என்ற ராக் பாடலைப் பாடி வெளியிட்டார். 'நைன் இஞ்ச் நெயில்ஸ்' குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் 1994இல் வெளியிட்ட பாடல் அது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும், போதையில் மூழ்கிய ஓர் இளைஞரின் விரக்தி அதில் ஒலித்தது. கேஷின் நடுங்கும் குரலில் அதே சொற்கள், முதியவர் ஒருவரின் பாவ அறிக்கையாக மாறின. அவர் செய்த முக்கிய மாற்றம் ஒன்றே. மணிமுடியைப் பற்றிய வரியிலிருந்த அருவருப்பான சொல்லை நீக்கி, அதை முள்முடியாக்கினார்.

மார்க் ரோமனெக் இயக்கிய காணொளியில், மூடிக்கிடக்கும் கேஷின் அருங்காட்சியகம் தெரிகிறது. இளமைக்காலக் காட்சிகளிடையே, அவரது திரைப்படத்தின் சிலுவைக் காட்சியும் வந்துபோகிறது. மனைவி ஜூன், கணவரைக் கவலையோடு பார்த்து நிற்கிறார். 2003ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் ஜூன் இறந்தார். செப்டம்பர் 12ஆம் நாள் கேஷும் இறந்தார்.

இது நம்பிக்கையற்ற பாடலா? பாடலில் கடவுளின் பெயர் இல்லை, ஆறுதலும் இல்லை. 88ஆம் திருப்பாடலும் இருளிலேயே முடிகிறது. ஆயினும், திருஅவை அதைச் செபமாகவே ஏற்றுள்ளது. தன் காயங்களை மறைக்காத கேஷ், முள்முடி சூடியவரின் அருகில் அவற்றைக் கொண்டுவந்து வைத்தார் என்றே நாம் புரிந்துகொள்கிறோம்.

நம் இல்லங்களிலும் இருண்ட பாடல்களைக் கேட்டுக்கொண்டு தனித்திருக்கும் இளையோர் உண்டு. பாடலை நிறுத்தச் சொல்லுமுன், அருகில் அமர்ந்து, அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்போம்.